தியானம் செய்தும் சுயநலம் குறையவில்லை என்றால்

உங்கள் கேள்வியை மற்றவர்களுக்கும் புரியும்படி சுருக்கிவிடுகிறேன். பல வருடமாக விடியற்காலையில் எழுந்து தியானம் செய்கிறீர்கள். மனசு அடங்குகிறது. ஆனால் சென்ற வாரம், காய்ச்சலில் படுத்திருந்த மனைவி கதவைத் தட்டி வெந்நீர் கேட்டபோது உங்களுக்கு முதலில் வந்தது எரிச்சல். ‘நன்றாக உட்கார்ந்திருந்த நேரத்தில் கெடுத்துவிட்டாளே’ என்ற எரிச்சல். அதைப் பார்த்து நீங்களே திடுக்கிட்டுப் போயிருக்கிறீர்கள். உள்முகமாகப் போவதே ஒரு சுயநலம்தானா, கற்பனையைக் கொண்டு இதை மாற்றலாம் என்கிறார்களே, அது மனசை ஏமாற்றுகிற வேலை இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் உங்கள் மனைவியைப் பற்றியும் ஒன்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு அப்புறம் வருகிறேன்.

ஏமாற்று வேலை இல்லை. கற்பனையால் சுயநலம் குறையும். ஆனால் எல்லாக் கற்பனையும் குறைக்காது, சில வகைக் கற்பனை சுயநலத்தைக் கூட்டவே செய்யும். யாருடைய இடத்திலிருந்து யாரைப் பார்க்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முதலில் அந்த எரிச்சல். அது வந்ததால் தியானம் வீண் என்று நினைக்காதீர்கள். மனசை அடக்குவது ஒரு பயிற்சி, அடுத்தவரை நினைப்பது வேறொரு பயிற்சி. முதலாவதைச் செய்தால் இரண்டாவது தானாக வந்துவிடும் என்று நமக்கு யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள். அப்படி வருவதில்லை. அமைதி கிடைத்ததும் ‘என் வீடு, என் நிலம்’ என்கிற அதே வாயால் ‘என் அமைதி’ என்கிறோம். அதைத் தொட வருகிறவர் யாராக இருந்தாலும் அத்துமீறி நுழைந்தவராகத் தெரிகிறார். ‘ச்சே, நான் எவ்வளவு பெரிய சுயநலக்காரன்’ என்று உட்கார்ந்து வருந்துவதாலும் பயனில்லை. அந்த வருத்தத்திலும் படுக்கையில் இருப்பவரை நீங்கள் பார்க்கவில்லை, உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

இதைப் பார்வைக் கோளாறாகவே எடுத்துக்கொண்டவர் வள்ளலார். 1867 மே மாதம் வடலூரில் பசித்தவர்களுக்குச் சோறிடும் சத்திய தருமச்சாலை தொடங்கியதை ஒட்டி வெளிப்பட்டது ஜீவகாருண்ய ஒழுக்கம் என்ற அவருடைய உரைநடை நூல். அதில் அவரே ஒரு கேள்வி எழுப்புகிறார். எல்லா உயிரும் ஒரே இறைவனிடமிருந்து வந்த சகோதரர்கள் என்றால், ஒருவர் துன்பப்படுவதைக் கண்டும் சிலர் ஏன் கல் மாதிரி நிற்கிறார்கள்? அவர்கள் கெட்டவர்கள் என்று அவர் சொல்லவில்லை. ஆன்ம அறிவு என்கிற கண் மங்கிப்போயிருக்கிறது, அந்தக் கண்ணுக்குத் துணையாகப் போட்டுக்கொண்ட மனம் முதலான கண்ணாடிகளும் ஒளி புகாமல் தடித்துப்போயிருக்கின்றன, அதனால் எதிரே இருப்பவர் சகோதரர் என்பதே தெரியவில்லை என்கிறார். அந்தக் காலத்திலேயே மூக்குக்கண்ணாடியை உவமையாக எடுத்திருக்கிறார் பாருங்கள். நீங்கள் தியானத்தில் செய்வது கண்ணைத் துடைக்கிற வேலை. கண்ணாடி இன்னும் தடிப்பாகவே இருக்கிறது. அதைத் தேய்த்து மெல்லியதாக்குகிற வேலைதான் கற்பனை.

எப்படித் தேய்ப்பது என்பதையும் அதே உரைநடையில் செய்து காட்டியிருக்கிறார். ‘பசி கொடியது’ என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகவில்லை. பசி முற்றினால் கண் பஞ்சடைந்து குழிந்துபோவது, காது கும்மென்று அடைப்பது, நாக்கு வறள்வது, கைகால் துவள்வது, குரல் மாறிக் குழறுவது, வயிறு பகீரென்று எரிவது என்று உடம்பின் ஒவ்வொரு பாகமாகப் போகிறார். அதோடு நிற்காமல் ஏழைக் குடும்பஸ்தனின் மனசுக்குள்ளேயே நுழைந்துவிடுகிறார். பொழுது விடிந்துவிட்டதே, இனிப் பசி வந்து பிடித்துக்கொள்ளுமே என்று காலையில் ஒரு திகில். வெயில் ஏறுகிறதே என்று இன்னொன்று. இருட்டிவிட்டதே, இனி எங்கே போவது, யாரைக் கேட்பது என்று சாயங்காலம் வேறொன்று. நமக்கெல்லாம் விடியல் என்றால் விடியல்தான். அது ஒருவருக்குப் பயமாக வரும் என்பதை வெளியே நின்று பார்த்து எழுத முடியாது.

‘வாடிய பயிரைக் கண்டபோதெல்லாம் வாடினேன்’ பாட்டைத் தமிழ்நாட்டில் அறியாதவர் இல்லை. ஆனால் பெரும்பாலும் அந்த முதல் அடியோடு நிறுத்திவிடுகிறோம். மேடையில் பேசுகிறவர்கள் கட்டாயம் நிறுத்திவிடுவார்கள். வாடிய பயிர் கண்ணுக்குத் தெரியும். வீடு வீடாகப் பிச்சை கேட்டும் பசி தீராமல் சோர்ந்து கிடப்பவரும் தெரிவார். நீண்ட நோயில் வருந்துபவரும் தெரிவார். அதற்கும் அடுத்த அடிதான் கஷ்டமானது: ‘ஈடின் மானிகளாய் ஏழைகளாய் நெஞ்சு இளைத்தவர் தமைக்கண்டே இளைத்தேன்’. மானம் உள்ளவர்கள், கேட்க வாய் வராதவர்கள். வேட்டியைத் துவைத்துக் கட்டிக்கொண்டு, சாப்பிட்டாயிற்று என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள். அவர்களை வெறுங்கண்ணால் பார்க்க முடியாது. கற்பனை வேலை செய்ய வேண்டிய இடம் அதுதான்.

உங்கள் மனைவி கதவைத் தட்டுவதற்கு முன்னால் எவ்வளவு நேரம் படுத்தபடியே யோசித்திருப்பார்? ‘தியானத்தில் இருக்கிறாரே, முடியட்டும்’ என்று எத்தனை தடவை நாக்கு வறண்டும் காத்திருந்திருப்பார்? இதை ஒருமுறை நிதானமாக நினைத்துப் பாருங்கள். குற்ற உணர்ச்சிக்காக இல்லை. அந்த அறையில் என்ன நடந்தது என்ற தகவலுக்காக.

இந்த இடத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. ‘அறிவினான் ஆகுவ துண்டோ பிறிதின்நோய் தந்நோய்போல் போற்றாக் கடை’ என்கிறது குறள். பிற உயிரின் நோயைத் தன் நோய் போலக் கருதாவிட்டால் அறிவு எதற்கு என்பது கருத்து. இதைப் படித்துவிட்டு நாம் உடனே ‘எனக்கு இப்படி நேர்ந்தால்?’ என்று கற்பனை செய்ய ஆரம்பிக்கிறோம். அங்கேதான் வழுக்குகிறது. கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் டேனியல் பேட்ஸனும் அவருடைய கூட்டாளிகளும் 1997இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். துன்பத்தில் இருக்கும் ஓர் இளம்பெண்ணின் பேச்சைச் சிலரைக் கேட்கச் சொன்னார்கள். ஒரு குழுவிடம் ‘இவருக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துக் கேளுங்கள்’ என்றார்கள். இன்னொரு குழுவிடம் ‘இவர் இடத்தில் நீங்கள் இருந்தால் உங்களுக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துக் கேளுங்கள்’ என்றார்கள். முதல் குழுவுக்குப் பரிவு வந்தது. இரண்டாவது குழுவுக்குப் பரிவும் வந்தது, கூடவே தங்களைப் பற்றிய கலக்கமும் வந்தது. இந்தக் கலக்கம்தான் ஆபத்து. அது வந்தால் அந்த இடத்தைவிட்டு எப்போது நகரலாம் என்றுதான் மனசு பார்க்கும். ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்க்கப் போய், பழத்தை வைத்துவிட்டு ஐந்தே நிமிடத்தில் கிளம்பிவிடுகிறோமே, அன்பு இல்லாததால் என்று சொல்ல முடியாது. அந்தக் கட்டிலில் நம்மையே படுக்கவைத்துப் பார்த்துவிடுகிறோம், அவ்வளவுதான்.

ஆக, ‘எனக்கு வந்தால்’ என்பதைவிட ‘இவருக்கு எப்படி இருக்கிறது’ என்பதே சரியான கேள்வி. இவருடைய வயது, இவருடைய பயம், இவருடைய பிடிவாதம் எல்லாம் சேர்ந்த இவருக்கு. குறளும் போற்றச் சொல்வது பிறிதின் நோயைத்தான்.

இதைவிட ஒரு படி மேலே போனவர் எட்டாம் நூற்றாண்டில் நாளந்தாவில் இருந்ததாகச் சொல்லப்படும் சாந்திதேவர் என்ற பௌத்தத் துறவி. தின்பது, தூங்குவது, வெளிக்குப் போவது, இந்த மூன்றைத் தவிர வேறொன்றும் தெரியாதவர் என்று கூட இருந்த துறவிகளே அவரைக் கேலி செய்ததாக மரபுக்கதை உண்டு. கதை உண்மையோ இல்லையோ, அவர் எழுதியதைப் படித்தால் மற்றவர் கண்ணுக்கு மட்டமாகத் தெரிவது எப்படி இருக்கும் என்று அறிந்தவர் எழுதியது போலத்தான் இருக்கிறது. போதிசரியாவதாரம் என்ற அவருடைய நூலின் எட்டாம் அத்தியாயத்தில் அவர் சொல்லும் பயிற்சி விசித்திரமானது. அடுத்தவரின் துன்பத்தை நினை என்று அங்கே சொல்லவில்லை. அடுத்தவராக மாறி, அங்கிருந்து உன்னைப் பார், பார்த்து உன்மேல் பொறாமைப்படு என்கிறார்!

மூன்று பேராக மாறச் சொல்கிறார்: உன்னைவிடத் தாழ்ந்தவராக, சமமானவராக, உயர்ந்தவராக. தாழ்ந்தவரின் குரல் ஏறக்குறைய இப்படி இருக்கும்: அவனுக்கு மரியாதை, எனக்கு இல்லை. அவனுக்குக் கிடைப்பது எனக்குக் கிடைப்பதில்லை. நான் வேலை செய்கிறேன், அவன் சுகமாக உட்கார்ந்திருக்கிறான். சமமானவர் போட்டியாகப் பார்க்கிறார்: என் பெருமை ஊருக்கெல்லாம் தெரியட்டும், அவனுடையது ஒருவர் காதிலும் விழாமல் போகட்டும். உயர்ந்தவர் இளக்காரமாகப் பார்க்கிறார்: இவன் எனக்குப் போட்டியா, இவனுக்கு என்ன படிப்பு, என்ன குலம், என்ன சொத்து?

முதலில் சொன்ன தாழ்ந்தவரை மட்டும் நம் வீட்டுக்குக் கொண்டுவந்து பார்ப்போம். உங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க ஒரு அம்மா வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். தன் வீட்டுச் சமையலை முடித்துவிட்டு, பஸ் பிடித்து, ஆறரை மணிக்கு உங்கள் வாசலில் நிற்கிறார். கதவைத் திறக்கிறவர் நெற்றியில் விபூதி, முகத்தில் சாந்தம். பேசமாட்டார், மௌனமாம். சிங்க்கைக் கையால் காட்டிவிட்டு உள்ளே போகிறார். நேற்று ராத்திரி குடித்த பால் டம்ளர் ஆடை காய்ந்து ஹாலிலேயே கிடக்கிறது. அதை எடுத்து சிங்க்கில் போட்டு ஒரு கை தண்ணீர் ஊற்றிவைத்திருந்தால் தேய்க்கிறவருக்குப் பாதி வேலை மிச்சம். சம்பளத் தேதி தாண்டி மூன்று நாள் ஆகிறது. கேட்கலாம் என்றால் ஐயா கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இனி வீட்டுக்கார அம்மா எழுந்து வந்தால்தான் கேட்க முடியும்.

இந்தக் கண்களால் அந்த விபூதி நெற்றியைப் பாருங்கள். சாந்திதேவர் சொன்ன பொறாமை தானாக வரும். ‘கொடுத்துவைத்த மனுஷன்’ என்று ஒரு பெருமூச்சு வரும். அந்தப் பெருமூச்சு உங்களுக்குள் நிஜமாக எழுந்தால் பயிற்சி பலித்தது என்று அர்த்தம். ஏனென்றால், ஏழையின் துன்பத்தைக் கற்பனை செய்யும்போது நாம் இரக்கப்படுகிற நல்லவராகவே படத்தில் இருக்கிறோம், நமக்கு ஒரு சேதமும் இல்லை. அந்த ஏழையின் கண்ணில் நாம் எப்படித் தெரிகிறோம் என்று பார்க்கும்போது அந்த நல்லவர் வேஷம் கலைந்துவிடுகிறது. எனக்குத் தெரிந்தவரை சுயநலத்தை நேராகத் தொடுகிற கற்பனை இது ஒன்றுதான். மற்றவை சுற்றி வளைத்துத்தான் வருகின்றன.

வள்ளலாரும் சாந்திதேவரும் தத்துவத்தில் எதிரெதிர்த் துருவங்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எல்லோருக்குள்ளும் இருப்பது ஒரே இனமான ஆன்மா, அதனால் உருகு என்கிறார் ஒருவர். நான் என்று ஒன்றே கிடையாது, துன்பத்துக்குச் சொந்தக்காரரே இல்லை, பிறகு என் துன்பத்தை மட்டும் விலக்குவது என்ன நியாயம் என்கிறார் மற்றவர். ஆன்மா உண்டா இல்லையா என்று தீர்த்துக்கொண்டு அப்புறம் ஆரம்பிக்கலாம் என்று காத்திருக்காதீர்கள். அந்த வழக்கு உங்கள் ஆயுளில் முடியாது.

பயிற்சிக்கு யாரை எடுத்துக்கொள்வது என்று கேட்பீர்கள். ஐந்தாம் நூற்றாண்டில் இலங்கை அனுராதபுரத்தில் விசுத்திமக்கம் என்ற பௌத்தப் பயிற்சி நூலை எழுதிய புத்தகோசர் இதற்குக் கறாரான வரிசை வைத்திருக்கிறார். காஞ்சிபுரத்தில் தங்கியிருந்ததாகத் தன் உரை ஒன்றில் குறிப்பிடுபவர் என்பதால் நமக்கும் அவர் அந்நியரில்லை. மைத்திரியை, அதாவது நலமாக இருக்கட்டும் என்று வாழ்த்தும் அன்பை, முதலில் தன்மேல், பிறகு மதிப்புக்குரிய ஒருவர்மேல், பிறகு நெருங்கிய நண்பர்மேல், பிறகு அன்பும் பகையும் இல்லாத ஒருவர்மேல், கடைசியாகத்தான் பகைவர்மேல் பழக வேண்டும். எடுத்த எடுப்பில் பகைவரிடம் போனால் கோபம்தான் வளரும். இறந்தவரை எடுக்கவே கூடாது என்றும் சொல்கிறார். ஓர் இளம் துறவி தன் ஆசிரியரை நினைத்து முயன்று முயன்று பார்த்தும் மனம் குவியவில்லையாம். பிறகு விசாரித்தால் ஆசிரியர் ஏற்கெனவே இறந்துபோயிருந்தாராம்! இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது, கற்பனைக்கு உயிரோடு இருக்கிற, முகம் தெரிந்த ஓர் ஆள் வேண்டும் என்பது. ‘உலக மக்கள் எல்லோரும்’ என்று ஆரம்பித்தால் மனசு சுகமாகத் தூங்கிவிடும்.

அவர் வைக்கும் சோதனை ஒன்றும் உண்டு. நீங்கள், உங்களுக்குப் பிரியமானவர், நடுநிலையானவர், பகைவர் என்று நான்கு பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள். கொள்ளையர்கள் வந்து பலி கொடுக்க ஒருவரைத் தா என்கிறார்கள். ‘அந்தப் பகைவனைக் கொண்டுபோங்கள்’ என்றால் தோல்வி. இது யாருக்கும் புரியும். ‘என்னைக் கொண்டுபோங்கள், இவர்களை விட்டுவிடுங்கள்’ என்றாலும் தோல்விதான் என்கிறார் புத்தகோசர். நால்வரில் கொடுக்கத்தக்கவர் என்று ஒருவரும் கண்ணுக்குத் தெரியாத நிலை வந்தால்தான் எல்லை உடைந்தது. தன்னை அழித்துக்கொள்வதை அவர் சுயநலத்துக்கு மருந்தாக ஏற்கவில்லை. அதுவும் நால்வரில் ஒருவருக்குக் கேடு நினைப்பதுதானே!

கருணைக்கு அருகிலேயே இருந்து ஏமாற்றும் எதிரியாக அவர் சொல்வது துயரத்தை. கருணை என்று நினைத்துக்கொண்டு அடுத்தவர் சோகத்தில் மூழ்கிப்போவது. இதற்கு ஒத்துப்போகிற ஒன்றைக் கிட்டத்தட்ட 1500 வருடம் கழித்து ஜெர்மனியில் லைப்சிக் நகர மாக்ஸ் பிளாங்க் ஆய்வு நிறுவனத்தில் அப்போது இருந்த ஆராய்ச்சியாளர் தானியா சிங்கரின் குழுவினர் பார்த்தார்கள். துன்பக் காட்சிகளைப் பார்த்து அதே வலியைத் தானும் உணரப் பழகியவர்களுக்கு எதிர்மறை உணர்வு கூடியது. அதே ஆட்களுக்குக் கருணைப் பயிற்சி கொடுத்தபோது அது தணிந்து, நல்லுணர்வு எழுந்தது. வலியை வாங்கிக்கொள்வது வேறு, நலமாகட்டும் என்று அவர் பக்கம் நகர்வது வேறு. மனைவிக்குக் காய்ச்சல் என்றால் நீங்களும் முகம் வாடி உட்காருவதில் யாருக்கு லாபம்? வெந்நீரை வைத்துவிட்டு, கஞ்சிக்கு அரிசி நொய் இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது, இந்தக் கற்பனையில் நடக்கும் திருட்டு. மனசு மிகவும் விரும்பிப் பார்க்கும் படம், தான் வாரி வழங்கி நிற்கும் படம். அநாதை இல்லத்துக்குக் கட்டடம் கட்டிக்கொடுப்பது போலக் கண்ணை மூடிப் பார்த்தால் நிஜமாகவே நெஞ்சு நிறையும். நிறைந்த நெஞ்சோடு எழுந்து போய் ஆட்டோக்காரரிடம் இருபது ரூபாய்க்குச் சண்டை போடுவோம். கற்பனையில் நீங்கள் அழகாகத் தெரிய ஆரம்பித்தால் உடனே நிறுத்திவிடுங்கள். கற்பனையில் பார்த்த ஆளுக்கு அன்றைக்கே, சின்னதாக, வெளியே தெரியாத ஒரு காரியம் செய்துவிடுவதுதான் இதற்கு ஒரே தடுப்பு. சம்பளத்தை முதல் தேதியே கவரில் போட்டு வைப்பது, டம்ளரைக் கழுவிவிடுவது, அவ்வளவு போதும். வள்ளலாரும் பசியை எழுதியதோடு நிற்கவில்லை, அடுப்பைப் பற்றவைத்தார். வடலூர் தருமச்சாலையில் அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை என்கிறார்கள். 1876இல் தாது வருஷப் பஞ்சம் வந்தபோது அந்த அடுப்புக்கு வயது ஒன்பது.

உங்கள் தியானத்தைக் குறைக்க வேண்டாம். கடைசிப் பத்து நிமிடத்தை மட்டும் இதற்கு ஒதுக்குங்கள். ஒரு நாளைக்கு ஒரே ஆள். முதலில் அவருடைய உடம்பு இப்போது எப்படி இருக்கும், பிறகு இந்த நேரத்தில் அவருடைய பொழுது எப்படிப் போகும், கடைசியாக அவருடைய கண்ணில் நீங்கள். இந்த மூன்றாவதற்கு முதல் சில வாரம் மனசு சண்டித்தனம் செய்யும், உப்புச்சப்பில்லாத காரணங்கள் சொல்லும், ‘அந்த அம்மா நம்மைப் பற்றி நல்லதாகத்தான் நினைப்பார்’ என்று சமாதானமும் சொல்லும். சொல்லட்டும். தப்பாகவே கற்பனை செய்திருந்தாலும் பரவாயில்லை, ஆளையே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். கேட்கத் தோன்றுவதே பெரிய மாற்றம்.

கடைசியாக, உங்கள் மனைவியும் இதைச் செய்யலாமா, அவருக்கும் குணம் கொஞ்சம் மாறினால் நல்லது என்று எழுதியிருக்கிறீர்கள். அவசரப்பட்டு இதை அவரிடம் ஒப்படைக்காதீர்கள். நம் வீடுகளில் பெரும்பாலான பெண்களுக்கு அடுத்தவர் வயிறு, அடுத்தவர் முகம், அடுத்தவர் கோபம் எல்லாவற்றையும் கற்பனை செய்து கற்பனை செய்தே பாதி ஆயுள் போய்விடுகிறது. ஒரு மணி நேரம் தனக்கென்று உட்கார்ந்தால் அதற்குத்தான் சுயநலம் என்று பெயர் வைக்கிறோம். கொள்ளையர் கேட்பதற்கு முன்பே ‘என்னைக் கொண்டுபோங்கள்’ என்று சொல்லப் பழக்கப்பட்டவர்கள் அவர்கள். அப்படிப்பட்டவருக்குப் புத்தகோசரின் வரிசையில் முதலாவதாக இருப்பதுதான் பொருத்தம்: தன்மேல் மைத்திரி. அதுவும் அவர் விரும்பினால். உடம்பு தேறியதும் எந்த நேரம் தோதுப்படும் என்று அவரையே கேளுங்கள். காலை ஏழு மணி என்று சொன்னால், ஏழு மணிக்கு அடுப்பும் பிள்ளைகளின் டிபன் டப்பாவும் உங்கள் பொறுப்பு.